மடியில் ஒரு பயணி

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் மூத்த பிள்ளைகள் பலர் பெங்களூரில் பிறந்தவர்கள் இல்லை. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ பிறந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்து இங்கே கூட்டி வரப்பட்டவர்கள். முன்பு அது ராத்திரி ரயிலில் நடந்தது. மேல் பெர்த் சங்கிலியில் கட்டிய சேலைத் தொட்டில், வெந்நீர்ப் பிளாஸ்க், எதிர் பெர்த்தில் கண் அசராத பாட்டி. இப்போது பல வீடுகளில் அந்த முதல் பயணம் விமானத்தில்.

என் மகளை ஐந்தாம் மாதம் தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்தோம். காற்றாடி வைத்த சின்ன ஏடிஆர் விமானம், பக்கத்துக்கு இரண்டு இருக்கை. துணைக்கு என் ஆச்சி வந்திருந்தார். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கைப்பையில் வெள்ளிச் சங்கு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இன்ஜின் சத்தம் லேசாகத் தணிந்தது. எந்த அறிவிப்பும் வரவில்லை. ஆச்சி என் முழங்கையைத் தட்டினார். "ஏட்டி, சத்தம் மாறிட்டு பாரு. சங்கை எடு."

பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தேன். பிழிந்து வைத்திருந்த பாலைச் சங்கில் ஊற்றி, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தச் சின்னத் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. சக்கரம் தரையைத் தொடும்வரை இருவருக்கும் அதே வேலை. மூன்று வரிசை முன்னால் இன்னொரு குழந்தை இறங்கும் நேரம் முழுக்க வீறிட்டு அழுதது. பெட்டிக்காகக் காத்திருந்தபோது அதன் அம்மாவிடம் பேசினேன். கிளம்பும்போதே வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டாராம். இறங்கும்போது கொடுத்துப் பார்த்தால் பிள்ளை வாயையே திறக்கவில்லையாம்.

ஆச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "மாஞ்சோலை பஸ்ஸுல மலை இறங்கையில காது அடைக்காதா? எச்சி முழுங்குனா விட்டுரும். பச்சப்பிள்ளைக்கு அது தெரியாதுல்லா, நாமதான் முழுங்க வைக்கணும்." குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் இதையேதான்.

காரணம் இது. செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கம் வரை ஓடுவது யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமாக அது மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து மூடும். காதுக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பது அந்த ஒரு நொடித் திறப்பால்தான். விமானம் ஏறும்போது கேபினில் அழுத்தம் குறைகிறது. காற்றறையில் உள்ள காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். வெளியே அழுத்தம் கூடுகிறது, உள்ளே குறைவாக இருக்கிறது, குழாயின் மெத்தென்ற வாய் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. தசை இழுத்துத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். திறக்காவிட்டால் செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். அந்த இழுப்புத்தான் வலி. கைக்குழந்தையின் குழாய் நம்முடையதில் பாதி நீளம்தான், குறுகலும்கூட. நமக்கு 45 டிகிரி சாய்வில் இருக்கும் அது, குழந்தைக்கு 10 டிகிரி அளவில் ஏறக்குறைய படுத்த வாக்கில் கிடக்கும். ஏழு வயது வாக்கில்தான் நம் அமைப்புக்கு வரும்.

ஆகவே பாலை எந்த நேரத்துக்கு மிச்சம் வைப்பது என்று கேட்டால், இறங்கும் நேரத்துக்குத்தான். ஏறும்போது கொடுப்பது நல்லது, ஆனால் அங்கேயே தீர்த்துவிடக் கூடாது. இறக்கம் நாம் நினைப்பதைவிட முன்னாலேயே தொடங்கிவிடும். தரை தொடுவதற்கு 20, 30 நிமிடம் முன்பே விமானம் கீழ்நோக்கித் திரும்பிவிடும். சீட் பெல்ட் அறிவிப்பு பல நேரம் அதற்கப்புறம்தான் வரும். ஆச்சி சொன்னதுபோல் சத்தம்தான் முதல் அறிகுறி. தூங்கும் பிள்ளை அடிக்கடி விழுங்காது. அதனால் அந்த நேரத்தில் மெல்ல எழுப்பிக் கொடுப்பது நல்லது, மனசு வராவிட்டாலும். ஒரே மூச்சில் கொடுத்தால் கக்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, தலை உயர்ந்த வாக்கில் கொடுக்க வேண்டும். ரப்பர் நிப்பிள் சப்பும் பழக்கமுள்ள பிள்ளைக்கு அதுவே போதும். அழுதாலும் பயப்பட வேண்டாம். அழுகைக்கு நடுவே பிள்ளை விழுங்கத்தான் செய்யும், குழாய் திறக்கத்தான் செய்யும்.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி, 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் நிற்பதுபோன்ற நிலையில் வைத்திருப்பார்கள். ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தேவனஹள்ளி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி மேலே. சென்னையும் தூத்துக்குடியும் கடலோரம். ஊட்டியிலிருந்து பெங்களூர் அளவுக்கு இறங்குவதும் மெரினா வரை இறங்குவதும் ஒன்றில்லை. அழுத்தக் கணக்கில் பார்த்தால், பெங்களூரில் இறங்கும்போது காது சந்திக்கும் மாற்றம் சென்னையில் இறங்கும்போது சந்திப்பதில் ஏறக்குறைய பாதிதான். பிள்ளையை முதன்முதலில் இங்கே கொண்டுவரும் பயணம் காதுக்கு லேசான பயணம். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் ஊருக்குப் போகும் பயணம்தான் கடினம். "வரும்போது சமர்த்தா வந்தாளே, போகும்போது ஏன் இப்படி அழுதா" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பிள்ளையிடம் எந்த மாற்றமும் இல்லை, ஊரின் உயரம்தான் வேறு.

சளி பிடித்திருந்தால் அந்தக் குழாயின் வாய் வீங்கியிருக்கும். காது வலியோ காய்ச்சலோ கூட இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் ஏற வேண்டாம். தேதி மாற்றும் கட்டணம் போனால் போகட்டும். இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "வழியில தூங்கட்டும்" என்று சளி மருந்தில் அரை மூடி கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் அந்த வகை மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, பிள்ளை தூங்காமல் துடிக்கும். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் கலப்பட இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தபோது, 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. இரண்டு மணி நேர அமைதிக்காக அந்த மூடியைத் திறக்காதீர்கள்.

எத்தனை நாள் பிள்ளையைக் கூட்டிப் போகலாம்? பிறந்த சில நாட்களிலேயே ஏற்றிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஏற்றிக்கொள்வது வேறு, ஏற்ற காலம் வேறு. நிறைமாதப் பிள்ளைக்குக்கூடக் குறைந்தது ஒரு வாரம் போகட்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் இன்னும் நல்லது என்பார்கள். கேபினில் காற்றழுத்தம் குறைவு என்றால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. நமக்கு அது தெரியாது. குறைமாதத்தில் பிறந்த, நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு உள்ள பிள்ளைக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையை மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் ஏற்றக் கூடாது. மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்ற நம் வீட்டுக் கணக்கு இந்த விஷயத்தில் நன்றாகவே பொருந்துகிறது.

இனி மடிக்கு வருகிறேன்.

2 வயது முடியாத பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை. உள்நாட்டுப் பயணத்தில் ஒரு சிறு தொகை, வெளிநாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. டிக்கெட்டில் பெயர் இருக்கும், இருக்கை எண் இருக்காது. அதன் இடம் அம்மாவின் மடி, அல்லது அப்பாவின் மடி. காது வலிக்கும் நேரத்துக்கும் பயப்படும் நேரத்துக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. விபத்து என்று வந்தால் அதைவிடப் பலவீனமான இடமும் இல்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதை நம்மிடம் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

இந்தியாவில் விமானம் ஏறியதும் பணிப்பெண் ஒரு குட்டி பெல்ட் கொண்டுவந்து தருவார். அதன் வளையத்துக்குள் நம் பெல்ட்டை நுழைத்து, பிள்ளையின் இடுப்பைச் சுற்றிப் போட வேண்டும். நம் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போடக் கூடாது. விமானம் திடீரென்று நின்றால் நம் உடம்பின் மொத்த எடையும் பிள்ளையை அந்த பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும். குட்டி பெல்ட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவில் அது கட்டாயம். அமெரிக்காவில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைப் போட அனுமதியே இல்லை. பிள்ளை தூக்கி எறியப்படாமல் அது பிடித்துக்கொள்ளும் என்கிறது ஐரோப்பா. பெரியவர் முன்னால் மடங்கும்போது நடுவில் மாட்டுவது பிள்ளைதான் என்கிறது அமெரிக்கா. இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மடியில் பிள்ளையைப் பத்திரமாக வைத்திருக்க முழுமையான வழி இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். இப்போதைய விமான இருக்கைகள் முன்னோக்கி, புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. அந்த விசையில் 8 கிலோ பிள்ளை நம் கைகளுக்கு 128 கிலோ. எந்தத் தாயாலும் முடியாது. அன்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜின் நடுவானில் சிதறியது. விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. விமானிகள் எஞ்சிய இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். மடிக்குழந்தைகள் நான்கு பேர் அதில் இருந்தார்கள். தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொன்னார். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது அதுதான். ஒரு குழந்தை இறந்தது, அதற்கு 22 மாதம். ஜான் பிரவுன் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள், விமானத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் அதற்கேற்ற பாதுகாப்புச் சீட்டும் வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார். விபத்துகளை ஆராயும் அமெரிக்க வாரியமும் அதையே பரிந்துரைத்தது.

ஆனாலும் அமெரிக்க விமானத் துறை அதைச் சட்டமாக்கவில்லை. 2005இல் அது சொன்ன காரணத்தை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கும் முழு டிக்கெட் கட்டாயம் என்று ஆனால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் கிளம்புவார்கள். சாலை விமானத்தைவிட எவ்வளவோ ஆபத்தானது. விமானத்தில் காப்பாற்றும் உயிர்களைவிடச் சாலையில் இழக்கும் உயிர்கள் அதிகமாகும். கேட்கும்போது மனசு ஒப்பவில்லை, கணக்கில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

அந்தக் கணக்கு நம் ஊருக்கும் பொருந்தும், இன்னும் கூடுதலாகவே. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் 241 பேர் இறந்த அந்த வாரம், என் அம்மா போன் செய்து "பிள்ளையை பிளேன்ல ஏத்தாத, கார்லயே வந்துருங்க" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் 2022 ஒரே ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் சொந்தக் கணக்கு. பெங்களூரிலிருந்து நெல்லைக்குக் காரில் போவதாக இருந்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாலையில்தான் இருக்க வேண்டும்.

விமானத்தில் போனாலும் அந்தச் சாலையில் ஒரு பங்கு நமக்கு உண்டு. தேவனஹள்ளி நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். விடிகாலை விமானத்துக்கு டாக்சி பிடித்து, ஹெப்பாள் மேம்பாலம் ஏறி, காலியான பல்லாரி சாலையில் வண்டி பறக்கும்போது பிள்ளை எங்கே இருக்கிறது? மடியில்தான். பின் இருக்கையில் நம் பெல்ட்டையும் போடாமல், பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடி போகிறோம். விமானத்திலாவது குட்டி பெல்ட் தருகிறார்கள். மொத்தப் பயணத்தில் பிள்ளைக்கு அதிக ஆபத்தான பகுதி வானத்தில் இல்லை, வீட்டு வாசலுக்கும் விமான நிலைய வாசலுக்கும் நடுவே இருக்கிறது என்பது என் முடிவு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. நாம் கூப்பிடும் டாக்சிகளில் அப்படி ஒரு சீட் இருந்து நான் பார்த்ததில்லை. நாமேதான் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால், பெரிய பெட்டி இல்லாத பயணங்களுக்கு விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ், டாக்சியைவிட நல்லது என்று நினைக்கிறேன்.

விமானத்துக்குள் இன்னொரு காட்சி. டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். எங்களோடு இன்னொரு தமிழ்க் குடும்பம், அவர்களுக்கும் எட்டு மாதப் பையன். பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்டோம், கவுண்டரில் மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டார். "பிள்ளை அழும்னு பிரிச்சு உக்கார வைக்கிறாங்க போல, அக்கா" என்றார். காரணம் அதுவல்ல. தலைக்கு மேல் மூடிக்குள் இருக்கும் ஆக்சிஜன் முகமூடிகள்தான். பக்கத்துக்கு மூன்று இருக்கை உள்ள விமானங்களில் மூன்று பேரின் தலைக்கு மேல் பொதுவாக நான்கு முகமூடிதான் இருக்கும். அந்தக் கூடுதல் ஒன்று மடிக்குழந்தைக்கு. ஒரே பக்கத்தில் இரண்டு மடிக்குழந்தைகள் உட்கார்ந்தால் ஒரு முகமூடி குறையும். இதைக் கவுண்டரில் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அந்தப் பெண் கண்கலங்கி நின்றிருக்க மாட்டார். ஒரு விமானத்தில் இத்தனை மடிக்குழந்தைகள்தான் என்ற வரம்பும் இருப்பதால், டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

அந்த முகமூடி விழுந்தால் முதலில் நமக்குப் போட்டுக்கொண்டு அப்புறம்தான் பிள்ளைக்கு. ஒவ்வொரு பயணத்திலும் சொல்கிறார்கள், ஒவ்வொரு தாய்க்கும் அது உறுத்துகிறது. 35,000 அடியில் காற்று போய்விட்டால் நமக்குத் தெளிவான நினைவு இருக்கும் நேரம் 30 முதல் 60 நொடி. பிள்ளைக்குப் போட்டுவிடப் போராடும்போதே நம் கை தடுமாறிவிடும், அப்புறம் இருவருக்கும் உதவ ஆளில்லை. நாம் போட ஐந்து நொடி, பிள்ளைக்குப் போட மிச்ச நேரம் முழுக்க. அந்த வரிசையில்தான் இரண்டு பேரும் பிழைக்க முடியும்.

தொட்டில் வசதி பெரிய விமானங்களில், அதுவும் தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசையில் மட்டும். பல நிறுவனங்களில் பிள்ளையின் எடை 10, 11 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானம் குலுங்கத் தொடங்கினால் தூங்கும் பிள்ளையையும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். உள்நாட்டில் நாம் போகும் விமானங்களில் பெரும்பாலும் இது கிடையாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. பணம் கொடுத்து இருக்கை தேர்வு செய்யாததால் ஆறு வயசுப் பிள்ளை ஒரு மூலையிலும் பெற்றோர் வேறு மூலையிலும் உட்கார வேண்டியிருந்தது. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே டிக்கெட்டில் வரும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. கவுண்டரில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. மடிக்குழந்தைக்கு 2 வயது முடியவில்லை என்று காட்ட ஆதாரம் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் போதும். பெயர் வைக்கும் முன்பே சான்றிதழ் வாங்கியிருந்தால் அதில் பெயர் இருக்காது. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், முதல் பயணத்துக்கு முன்னால் அதை முடித்துவிடுவது நல்லது. வெளிநாடு என்றால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் பிள்ளைக்கான பாலும் கஞ்சியும் மருந்தும் 100 மில்லி கட்டுப்பாட்டில் வராது. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம். பாட்டி கொடுத்துவிடும் ஊறுகாயையும் நெய்யையும் கைப்பையில் வைக்காதீர்கள். தள்ளுவண்டியை மடித்து எக்ஸ்ரே பெல்ட்டில் போட வேண்டும், நெஞ்சோடு கட்டியிருக்கும் பையிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். வாகைக்குளத்தில் அன்று பிள்ளைமீது கருவியைக் காட்டியதும் சத்தம் போட்டது. வெள்ளி அரைஞாணும் தண்டையும். சோதித்த பெண் காவலர் தமிழ் தெரியாதவர். பிள்ளையின் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், அரைஞாணைத் தொட்டுப் பார்த்தார், சிரித்தார், பிள்ளையும் சிரித்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தேவனஹள்ளியில் விடிகாலை மூடுபனி வழக்கம். ஆறு மணி விமானம் எட்டரைக்குக் கிளம்பலாம். பாலும் டயப்பரும் மாற்றுச் சட்டையும் பயண நேரத்துக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒரு மாற்று உடை. டெர்மினல் 1ஆ, 2022இல் திறந்த டெர்மினல் 2ஆ என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பிள்ளையும் பெட்டியுமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலைவது பெரிய பாடு. விமானத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கப் நூடுல்ஸிலும் டீயிலும் ஊற்றித் தரும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் வாங்கினால், பிள்ளையை அந்தக் கைக்கு எட்டாத பக்கம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அழும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கும் இந்த விளக்கம் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இறங்கும் நேரத்தில் அழும் பிள்ளை வலியில் அழுகிறது. அதன் தாய் ஏற்கெனவே தன்னால் ஆனதையெல்லாம் செய்து முடித்திருப்பாள். டெல்லியிலிருந்து திரும்பும்போது என் மகள் அரை மணி நேரம் அழுதாள். பக்கத்தில் இருந்த கன்னடப் பெரியவர் "பர்வாகில்லம்மா" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றி அவளிடம் விளையாடக் கொடுத்தார். அழுகை உடனே நிற்கவில்லை. என் கை நடுங்குவது நின்றது.

வரும் சித்திரையில் மகளுக்கு இரண்டு வயது முடிகிறது. ஊருக்குப் போகும் நாளில் அவள் மடிக்குழந்தை, திரும்பும் நாளில் தனிப் பயணி. பிறந்தநாள் நடுவே வந்தால் திரும்பும் டிக்கெட்டில் இருக்கை வாங்கியே ஆக வேண்டும். நாங்கள் போகும்போதும் சேர்த்து வாங்கிவிட்டோம். காரிலும் விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று முத்திரை உள்ள ஒரு சீட் வாங்கியிருக்கிறோம். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, அளவு சொல்லி, ஜன்னல் ஓரம் வைக்கச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. நடைபாதை ஓரம் வைத்தால் அவசரத்தில் மற்றவர்கள் வெளியேறத் தடையாகும். பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் இரண்டு முறை கட்டிப் பழகினோம். முதல் முறை பதினைந்து நிமிடம், இரண்டாம் முறை ஆறு. விடிகாலை மூன்றரைக்கு டாக்சி வரும். டிரைவரிடம் பத்து நிமிடம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறோம்.